‘வன்செயலுக்கு முந்தி’ எந்த வருஷம்?

வீரமுனையில ஒரு அம்மம்மாவிடம், “இந்தத் தாலாட்டை எப்ப பழகினீங்க?” என்று கேட்டோம். “அது வன்செயலுக்கு முந்தி மனே” என்றா. பாட்டு நாலே நிமிஷம். அதை லெப்டொப்பில ஏத்தி, வருஷம் என்ற பெட்டிக்குள்ள என்ன எழுதுறது என்று மண்டையைப் பிச்சதுதான் அரை மணித்தியாலம்.

நாங்க நாலு பேர். மூணு பேர் வீரமுனை, ஒருத்தன் பக்கத்துச் சம்மாந்துறை. வயசானவங்க பாடுற தாலாட்டு, வசந்தன் பாட்டு, கவி எல்லாத்தையும் இரவல் வாங்கின ஒரு ரெக்கோடரில பதியத் தொடங்கினோம். ஆறு மாசத்தில பார்த்தா வெறும் இலக்கம் மட்டும் உள்ள நூறு கோப்பு. யார் பாடினது என்று எங்களுக்கே மறந்து போச்சு.

ஓடியோ கோப்புக்குள்ளேயே விபரம் எழுதலாம். 1996இல வந்த ஐடி3, எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டில தலைப்பு, பாடகர், அல்பம் எல்லாத்தையும் அடைச்சது. தலைப்புக்கு 30 பைட். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8இல 3 பைட் தின்னும், அப்ப பத்துக் குறியோட தலைப்பு முடிஞ்சுது. அதில இருந்த 80 இசை வகையில நாட்டார் பாட்டே இல்லை. வின்அம்ப்காரர் பிறகு 80ஆம் இலக்கமாச் சேர்த்ததுதான் ஃபோக். 1998இல வந்த இரண்டாம் பதிப்பில இடம் தாராளம். ஆனா அதன் 2.3 விதிப்படி வருஷம் என்றால் நாலு இலக்கம். எங்கட ஊரில யார் நாலு இலக்கத்தில கதைக்கிறாங்க? சூறாவளி, வன்செயல், சுனாமி. இதுதான் நாட்காட்டி. 1990 ஓகஸ்ட் 12இல பிள்ளையார் கோவிலில தஞ்சமிருந்தவங்களைக் கொன்றதைப் பார்த்தவங்களுக்கு அது ஒரு இலக்கமில்லை.

அதே ஐடி3இல நாமே பெயர் வெச்சு உண்டாக்கிற பெட்டியும் இருக்கு. எம்பி3டேக்கில கோப்பைத் தெரிஞ்சு ஓல்ட்-டி அழுத்தி, புதுப் பெட்டிக்கு ஒரு பெயரும் உள்ளடக்கமும் குடுத்தா சரி. ‘காலம்’, ‘யாரிடம் கேட்டது’, ‘அனுமதி’ என்று மூணு போட்டோம். ஒப்ஷன்ஸில டேக் பெனலுக்குள்ள சேர்த்தா இடப்பக்கம் எப்பவும் நிற்கும். ஒரு குறை: மூலப் பிரதிகளை ஃபிளாக்கில வெச்சிருந்தோம், அதில பெட்டியின் பெயருக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் செல்லும். உள்ளுக்குத் தமிழ் எழுதலாம், வாசல்ல எழுத ஏலாது. கொஞ்சம் கோபம்தான். பிறகு மூணு பெயரையும் ஆங்கில எழுத்தில மாத்தினோம்.

‘அனுமதி’ வந்தது சம்மாந்துறை நண்பன்ட உம்மம்மாவால. கவி சொல்லி முடிச்சிட்டு, “இது வீட்டோட இருக்கட்டும் மனே, என்ட குரல் வெளிய போகப் படாது” என்றா. அந்தக் கோப்பில ‘வீட்டுக்குள்ள’ என்று எழுதினோம். பெரிய வேலை செஞ்ச மாதிரி ஒரு நினைப்பு.

ரெண்டு கிழமையில எங்களில ஒருத்தர், வெளிநாட்டு உறவுக்கு அனுப்ப ஒரு தொகுதிப் பாட்டை ஒரு அப்பில போட்டுச் சின்னதாக்கினார். அது நாங்க உண்டாக்கின பெட்டி எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டு. உம்மம்மாவின் கவியும் அதோட போச்சு. எழுதி வெச்சது காவல் நிற்கும் என்று நம்பினோம், அது வெறும் எழுத்து.

அழிக்கச் சொல்லிக் கேட்டோம், அழிச்சாங்க. உம்மம்மாவிடம் போய்ச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசல்ல. பிறகு, “எத்தின பேர் கேட்டிருப்பாங்க?” என்றா. ஒரு ஆள் என்றோம். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும் என்றா. இப்ப அப்படியான பாட்டு தனி பென்டிரைவில, அவங்க வீட்டு அலுமாரிக்குள்ளேயே கிடக்கு.

அம்மம்மாவிடமும் திரும்பப் போனோம், பெட்டியில எழுதினதை வாசிச்சுக் காட்ட. “வன்செயலுக்கு முந்தி” என்று வாசிச்சதும் கையைக் காட்டி நிறுத்தினா. “சூறாவளிக்குப் பொறவு என்றும் போடு. சூறாவளியில எங்களுக்கு வீடே இல்ல, யாருக்குத் தாலாட்டு?” சூறாவளி 1978. அவவின் மூத்த மகன் பிறந்தது அதுக்கு அடுத்த வருஷமாம்.