ஒரு அன்ரனா, மூன்று அறை



எங்கள் வீட்டு அன்ரனா வேலையைப் பற்றிப் பாடசாலையில் சொன்னபோது, சக ஆசிரியர்கள் சிலர் எழுதிப்போடச் சொன்னார்கள். தொண்டைமானாற்றில் கடலுக்குக் கிட்ட இருக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

உம்மாவால் இப்போது எழும்பி முன் அறைக்கு வர ஏலாது. நாள் முழுக்கப் பின் அறையில் தனியே கிடக்கிறவருக்கு ரிவிதான் துணை. பார்க்க வந்த ஒருவர், மூன்று அறைக்கும் மூன்று அன்ரனா வேண்டும், இல்லையென்றால் மாதக் காசு கட்டி டிஷ் போடுங்கள் என்றார். ஆசிரியர் சம்பளத்தில் இரண்டும் பாரம். உண்மையில் ஒரு அன்ரனாவே போதும். கணக்குத்தான் சரியாக வரவேண்டும்.

எங்களுக்குச் சிக்னல் வருவது தெற்கே, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொக்காவில் கோபுரத்திலிருந்து. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. கொக்காவிலில் இருந்த பழைய கோபுரம் 1990இல் அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டி வந்தது. வாப்பா மேற்கே கொடைக்கானல் பக்கம் திருப்பிக் கட்டிய அன்ரனா கூரையிலேயே நின்றது. இப்போதுள்ள 174 மீற்றர் கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது.

இனிக் கணக்கு. சிக்னல் என்பது ஒரு குடம் தண்ணீர் மாதிரி. நாலாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் கால் குடம்கூட முழுதாக வராது. நாலு வழிப் பிரிப்பானில், அதாவது ஸ்பிளிட்டரில், கிட்டத்தட்ட 7 டெசிபெல் போகும். 20 மீற்றர் ஆர்ஜி-6 வயரில் யூஎச்எஃப் சிக்னல் இன்னும் 4 டெசிபெல் அளவில் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே மிஞ்சுவது பத்தில் ஒன்றுதான். படத்தில் புள்ளி விழுவது இதனால்தான்.

இதற்கு மருந்து பூஸ்டர். அதை ரிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வயரில் மெலிந்து வந்த சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். மேலே தடியில், அன்ரனாவுக்குப் பக்கத்திலேயே பூட்டவேண்டும். அதற்கான மின்சாரம் கீழேயுள்ள பவர் பெட்டியிலிருந்து அதே வயரில் ஏறும். முதலில் பவர் பெட்டி, அதற்குப் பிறகே பிரிப்பான். மாறிப் பூட்டினால் சாதாரண பிரிப்பான் அந்த மின்சாரத்தை மேலே விடாது.

நாலு வழியில் மூன்றுதான் பாவிக்கிறோம். மிஞ்சிய வாயில் 75 ஓம் மூடி ஒன்று பூட்டினேன். சும்மா விட்டால் சிக்னல் திரும்பி அடித்துப் படத்தில் நிழல் விழக்கூடும். அறைக்கு அறை தனி வயர் இழுத்தேன். ஒரு அறையில் கோளாறு வந்தாலும் மற்ற அறைகளில் படம் ஓடும். உம்மாவின் அறையில் இப்போது தமிழ்ச் செய்தி தெளிவாகக் கேட்கிறது.

எங்கள் ஊருக்கென்றே ஒரு எதிரி உண்டு: உப்புக்காற்று. வாடை வீசும் மாதங்களில் வெளியே இருக்கிற இணைப்புகள் பச்சை பிடித்துவிடும். இணைப்பின் மேல் நீர் புகாத ரேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் வயரைக் கீழே வளைத்து விடுங்கள். மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கடைசியாக ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. அன்ரனாத் தடி எந்தப் பக்கம் சரிந்தாலும் கரண்ட் கம்பியில் முட்டாத தூரத்தில் நிற்கவேண்டும். தடி நிமிர்த்தும்போது தனியே நிமிர்த்தாதீர்கள். தடியிலிருந்து தடித்த செப்புக் கம்பி ஒன்றை நிலத்தில் அடித்த எர்த் கம்பியோடு இணையுங்கள். ஆனாலும் அதை நம்பி இருக்கவேண்டாம். மின்னல் வருகுது என்று கண்டால், கிட்ட வருமுன்னமே ரிவியின் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் வயரில் கை வைக்கவேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் உங்கள் வீட்டுக் கூரையையும் ஒருக்கால் பாருங்கள். வயதானவர்கள் தனியே இருக்கிற வீடென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் ஏணியோடு வருகிறேன்.