கெல்ம்ஸ்காட்டின் கற்கூரை

வில்லியம் மாரிஸின் வீட்டைக் காணச் சென்ற நாங்கள் அங்கே தேடியது மாரிஸைத்தான். சுவர்த்தாள்களில் இலையும் பறவையும் பின்னிய கவிஞர் அவர். வீடெங்கும் அவர் கைவண்ணமே மிளிரும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆக்ஸ்போர்ட்ஷயரில், தேம்ஸ் நதி இன்னும் அகலம் கொள்ளாத ஒரு சிற்றூரில் எங்களை எதிர்கொண்டதோ சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆன ஒரு பண்ணை வீடு.

பெயரில் 'மேனர்' என்றிருப்பினும், 1600ஆம் ஆண்டை ஒட்டி டர்னர் என்னும் உழவர் குடும்பத்தார் தமக்கெனக் கட்டிய இல்லம் இது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்கே ஒரு பகுதியைச் சேர்த்தனர். கட்டியவர்களின் கைத்திறனைக் காணக் கூரையை அண்ணாந்து பார்த்தாலே போதும். கூரையிலும் கல்லே. மெல்லியதாகப் பிளந்த கற்பலகைகள் இறவாரத்தில் அகன்றும், மேலே செல்லச் செல்லச் சிறுத்தும் முகடு வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. கூரையின் மழைநீர் முழுதும் வந்து சேரும் இடம் இறவாரம். எனவே பெரிய கற்கள் அங்கே. சுரங்கத்தில் கிடைத்த சிறு துண்டும் வீணாகாமல் உச்சிக்குப் போகிறது. சிக்கனமே அழகாகிவிட்டது.

மாரிஸ் 1871இல் இவ்வீட்டை வாடகைக்கு எடுத்தார். 1896இல் மறையும்வரை அவர் குடியிருப்பாளர்தான். அவர் மனைவி ஜேன் 1913இல்தான் இதை விலைக்கு வாங்கினார். வீட்டின் உருவை மாற்ற மாரிஸ் முற்படவில்லை. 'புதுப்பித்தல்' என்ற பெயரில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டுவதை எதிர்த்து, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. ஒழுகும் இடத்தை அடைப்பதும் சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதுமே நம் கடமை. பழையதைத் திருத்தி எழுதுவதன்று என்பது அவர் கொள்கை.

இதை எண்ணியபோது எங்களுக்கு உறுத்தியது. எங்கள் பழைய வீட்டின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, உறுதி என்று நம்பிச் சிமெண்ட் பூசியவர்கள் நாங்கள். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றி, சில ஆண்டுகளில் அச்சுவர் பொரிந்து உதிர்ந்தது. தாத்தா ஆண்டுதோறும் வெள்ளையடித்ததன் பொருள் அதன் பிறகே விளங்கியது.

திரும்பும் வழியில் ஊர்த் தேவாலயத்தில் மாரிஸின் கல்லறையைக் கண்டோம். நண்பர் பிலிப் வெப் வடிவமைத்தது. அதன் மேற்கல் இருபுறமும் சரிந்து, முகடு வைத்த சிறு கூரையாகவே இருந்தது.