ஏற்காடு: காபித் தோட்டத்தில் மானாவாரி விவசாயிக்கு என்ன பாடம்?

குருவிகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் விவசாயிக்கு, காபித் தோட்டம் என்றதும் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய எஸ்டேட்தான் நினைவுக்கு வரும். உண்மை நிலவரம் வேறு. இந்தியாவில் காபி பயிரிடுகிறவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் உள்ளவர்கள். அவர்களுக்கும் மழை தவறுகிறது, பூச்சி விழுகிறது, விலை ஏறி இறங்குகிறது. அதைத் தாங்குவதற்கு அவர்கள் தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள், ஏரியையும் அருவியையும் பார்ப்பதோடு அதையும் பார்த்து வரலாம்.

போகும் வழி

குருவிகுளத்திலிருந்து கோவில்பட்டி வந்து, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாகச் சேலம் போக வேண்டும். 350 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். இரவில் கிளம்பினால் விடியும்போது சேலத்தில் இருக்கலாம். அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அரசுப் பேருந்து உண்டு. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற மூங்கில் போய், உயரமான சில்வர் ஓக் மரங்கள் வரத் தொடங்கும். அந்த மரங்களுக்குக் கீழே கரும்பச்சை இலையோடு ஆள் உயரத்துக்கு நிற்பதுதான் காபிச் செடி.

ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பதால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சித்திரை வெயிலிலும் மாலையானால் குளிர் தட்டும்.

காபி வந்த கதை

இந்த மலையின் பூர்வகுடிகள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ்தான். மலைமேல் வாழ்கிறவர்கள் என்பதே பெயரின் பொருள். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில் அவர்களின் குலதெய்வக் கோயில். மே மாதத்தில் திருவிழா நடக்கும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டு வந்தார். ஆரஞ்சு, பேரி போன்ற பழ மரங்களையும் அவர் வைத்தார். இங்கே விளைவது பெரும்பாலும் அரபிகா ரகம். உயரமான இடமும், குளிர்ச்சியும், மரநிழலும் அதற்குத் தேவை.

அடுக்கடுக்காய் ஒரு தோட்டம்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குள் நின்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உச்சியில் சில்வர் ஓக்கும் பலாவும். அந்த மரத்தண்டைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி. அதற்குக் கீழே ஆரஞ்சு, வாழை. அதற்கும் கீழேதான் காபி. தரையில் ஒரு சாண் உயரத்துக்கு உதிர்ந்த இலை. மண்வெட்டியால் இலையை விலக்கினால் மண் கறுப்பாக, ஈரம் காயாமல் இருக்கும்.

இந்த நிழல் அழகுக்காக வைத்ததல்ல. அரபிகாவின் முதல் எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டில்தான் அந்த வண்டு விரும்பி முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போய்விட்டால் மருந்தால் பயனில்லை. செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். 'நிழலைக் குறைத்தால் காய் கூடும்' என்று மரத்தை அளவு மீறிக் கழித்தவர்கள், சில வருடத்தில் செடியையே இழந்திருக்கிறார்கள்.

காபி பூப்பதும் மழையின் தயவில்தான். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குல அளவுக்குக் கோடை மழை விழுந்தால், பத்து நாளில் மல்லிகை போலத் தோட்டமே வெள்ளையாகிவிடும். அதைப் 'பூ மழை' என்கிறார்கள். அது தவறினால், தண்ணீர் வசதி இருப்பவர் தெளிப்பான் போடுவார். இல்லாதவருக்கு மகசூல் போச்சு. வருடத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெறும் மலையிலும் இதுதான் நிலை.

அப்படிப்பட்ட வருடத்தில் கைகொடுப்பது மிளகும் பலாவும் ஆரஞ்சும். செலவு முடைக்கு நாலு சில்வர் ஓக்கை, உரிய அனுமதியோடு, வெட்டி விற்கிறவர்களும் உண்டு.

விலை யார் கையில்?

நவம்பர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை அறுவடை. சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிக்க வேண்டும் என்பதால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டும். அஞ்சாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காபிக் கொட்டை தேறும்.

அரபிகா விலை நிர்ணயம் ஆவது நியூயார்க் சந்தையில். பிரேசிலில் பனி விழுந்தாலும் வறட்சி வந்தாலும் ஏற்காட்டில் விலை ஏறும். அங்கே அமோக விளைச்சல் என்றால் இங்கே இறங்கும். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. அதே பயிர் அதற்கு முன் பல வருடம் பறிகூலிக்கும் கட்டாத விலைக்குப் போயிருக்கிறது. 1990-களின் நடுப்பகுதி வரை காபி வாரியமே விளைச்சலை வாங்கி விற்றது. இப்போது விவசாயி நேரடியாகச் சந்தையில் நிற்கிறார்.

சிறு விவசாயியால் நியூயார்க்கை மாற்ற முடியாது. விற்கும் வடிவத்தை மாற்ற முடியும். பழமாகவே வியாபாரிக்குக் கொடுப்பவருக்கு ஒரு விலை. தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயவைத்துக் கொடுப்பவருக்குக் கூடுதல் விலை. வறுத்துப் பொடியாக்கிச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுப்பவருக்கு அதைவிடக் கூடுதல். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ஓர் அறையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கரிசலுக்கு எது பொருந்தும்?

காபிக் கன்றை வாங்கி வந்து குருவிகுளத்தில் நட முடியாது. அங்கே பெய்யும் மழையில் பாதியளவே இங்கே. ஆனால், ஒரே பயிரை நம்பாத அந்த முறை கரிசலுக்குப் புதிதல்ல. பருத்திக்குள் உளுந்து, ஓரத்தில் ஆமணக்கு, சாலுக்குச் சால் துவரை, தட்டைப்பயறு என்று போட்டவர்கள்தான் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள். காடு முழுக்க மக்காச்சோளம் என்று மாறிய பிறகு, 2018-ல் படைப்புழு வந்தபோது கையூன்ற வேறு பயிர் இல்லாமல் போனது.

பருத்தியில் உளுந்தை ஊடுபயிராகப் போட்டால் பருத்தி காய் வெடிக்கும் முன்பே உளுந்து வீட்டுக்கு வந்துவிடும். ஆமணக்கு புரோடீனியா புழுவைத் தன் பக்கம் இழுக்கும். முட்டைக் குவியல் உள்ள இலையைப் பறித்து அழித்தால் மருந்துச் செலவு குறையும். வரப்பில் பத்து வேம்பு நின்றால் இலை, கொட்டை, நிழல் மூன்றும் கிடைக்கும். உளுந்தை மூட்டையாகப் போடாமல், பத்துப் பேர் சேர்ந்து பருப்பாக உடைத்து விற்பதும் காபிப் பொடி விற்பது போன்றதே.

சுற்றிப் பார்க்க

ஏரியில் படகு விடுகிறார்கள். பகோடா பாயின்ட், லேடிஸ் சீட் இரண்டும் பள்ளத்தாக்கைப் பார்க்க நல்ல இடங்கள். லேடிஸ் சீட்டிலிருந்து இரவில் சேலம் நகர விளக்குகள் தெரியும். கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்வது நல்லது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால்தான் தண்ணீர் இருக்கும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மலையேற ஆசைப்படும் இளைஞர்கள் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை மறக்க வேண்டாம். ஏற்காட்டில் காட்டுமாடுகள் நடமாட்டமும் உண்டு. அந்தியில் தோட்டப் பாதையில் தனியாக நடப்பதைத் தவிர்க்கவும்.

எப்போது போகலாம்?

பூ பார்க்க மார்ச், ஏப்ரல். அறுவடையும் களமும் பார்க்க டிசம்பர், ஜனவரி. கரிசலில் கையில் வேலை இருக்கும் நேரம் என்றால் ஏப்ரலே தோது. தோட்டத்துக்குள் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் போகவும், பழத்தைப் பறிக்க வேண்டாம். அவரிடம் ஒரு கேள்வி மட்டும் மறக்காமல் கேளுங்கள்: காபி கைவிட்ட வருடத்தில் வீட்டுச் செலவுக்குப் பணம் எதிலிருந்து வந்தது? அவர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த விதைப்புக்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.