நாமும் நாங்களும்

ஒரு சமூகத்தாரின் மனப்பாங்கை அறிய வேண்டின், அவர்கள் ஓய்வு வேளையில் எதைப்பற்றி வாதிடுகின்றனர் என்று கேட்டாலே போதும். மேற்படிப்பின் பொருட்டு 2004ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரில் தங்கியிருந்தபோது இவ்வெண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

நான் குடியிருந்த வீட்டின் முன்விறாந்தையில் மாலைதோறும் அயலவர் நால்வர் கூடுவர். தபாற்கந்தோரிற் பணியாற்றி ஓய்வுபெற்ற வீட்டுக்காரரே அச்சபைக்குத் தலைவர். வானொலியில் றெட் சொக்ஸ் அணியின் பேஸ்போல் ஆட்டம் ஒலிக்கும். பேச்சோ, எவரை வைத்திருப்பது, எவரைக் கொடுப்பது, கொடுத்து எவரை வாங்குவது என்பதாகவே இருக்கும். அமெரிக்கப் பேஸ்போலில் ஓரணி தன் ஆட்டக்காரரை மற்றோர் அணிக்கு மாற்றிவிடலாம். பெரும்பாலோரிடம் சம்மதம் கேட்பதில்லை. அவ்வாண்டு இத்தகைய மாற்றங்களுக்கு யூலை 31ஆந் திகதியே எல்லையாக இருந்தது.

அவர்கள் நாவில் நின்ற பெயர் நோமார் கார்சியாபாரா. இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கிடையே நின்று பந்து தடுப்பவர். 1999இலும் 2000இலும் அமெரிக்கன் லீக்கின் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றவர். ஆயினும் காலில் ஏற்பட்ட உபாதை அவரைத் தளர்த்தியிருந்தது; ஒப்பந்தமும் அவ்வாண்டோடு முடிவதாயிருந்தது. “எப்படியும் போகப்போகின்றவரை இப்போதே கொடுத்துப் பயன்பெறுவோம்” என்பார் ஒருவர். “அவரையும் கொடுத்தால் நமக்கென்று யார் இருக்கின்றார்?” என்பார் வீட்டுக்காரர்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அச்சொல்லை அவர்கள் ஓயாது வழங்கினர். அணியில் ஒரு சதமும் முதலிடாதவர்கள் ‘கொடுப்போம், வாங்குவோம்’ என்றனர். அந்தத் தன்மைப் பன்மையில் அந்த ஆட்டக்காரர் உட்பட்டவரா, புறம்பானவரா என்பது எனக்கு விளங்கவில்லை.

1969இல் சென்ற் லூயிஸ் அணி தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, தான் வாங்கி விற்கும் உடைமையல்லன் என்று மறுத்து வழக்காடிய கேட் பிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரின் வரலாற்றை அங்குதான் அறிந்தேன். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். வேறிரு ஆட்டக்காரர் தொடர்பாக 1975இன் இறுதியில் நடுவர் ஒருவர் வழங்கிய தீர்ப்பே, ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணியை நாடும் வழியைத் திறந்தது. கார்சியாபாரா போய்விடக்கூடும் என்று விறாந்தையார் சினந்தபோது, பிளட் தன் ஆட்டவாழ்வையே இழந்து கேட்ட உரிமையையே அவர்கள் சினந்தனர்.

நானும் குற்றமற்றவனல்லன். சில வாரங்களில் ‘கொடுத்துவிடலாம்’ என்று நானும் சொல்லத் தொடங்கினேன். ஆசிரியரான என் தந்தையாருக்கு வந்த இடமாற்றக் கடிதமொன்றினால், பழகிய பாடசாலையை விட்டு அழுதுகொண்டு சென்ற பிள்ளை நான் என்பதை மறந்தே பேசினேன்.

யூலை 31 அன்று செய்தி வந்தது. நான்கு அணிகள் சேர்ந்து செய்த மாற்றத்தில் கார்சியாபாரா சிக்காகோ கப்ஸ் அணிக்குப் போனார். ஓர்லாண்டோ கப்ரேரா முதலியோர் வந்தனர். வீட்டுக்காரர் வானொலியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். விரைந்தோடவல்ல டேவ் ரொபேட்ஸ் என்பவரும் அதே நாளில் வேறொரு மாற்றத்தால் வந்து சேர்ந்தார். அவரைப்பற்றி விறாந்தையில் எவரும் பேசவில்லை.

ஒக்ரோபரில் யாங்கீஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, நான்காவதிலும் ஓர் ஓட்டத்தாற் பின்தங்கி நின்ற ஒன்பதாம் இன்னிங்ஸில், இரண்டாம் தளத்தைத் திருடிச் சமன்செய்யும் ஓட்டத்தைப் பெற்றவர் அந்த ரொபேட்ஸே. அதன்பின் அவ்வாண்டில் றெட் சொக்ஸ் தோற்கவேயில்லை. 1918க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. கணக்கின்படி மாற்றங்கள் சரியே. ஆயினும் வெற்றி இரவில் வீட்டுக்காரர் கண்கலங்கச் சொன்னது, “அவரும் இங்கே நின்றிருக்கவேண்டும்” என்பதே.

2010 மார்ச்சில் கார்சியாபாரா றெட் சொக்ஸுடன் ஒரேயொரு நாளுக்கு ஒப்பந்தமிட்டு, அவ்வணியினராகவே ஓய்வுபெற்றார் என்ற செய்தியை ஊரிலிருந்து வாசித்தேன். ஆடுவதற்கன்று அவ்வொப்பந்தம். யாரைக் கொடுக்கலாம் என்று மாலைதோறும் பேசினோமோ, அவரும் அவ்வணியைத் தமதென்றே எண்ணியிருந்தார். விறாந்தையில் நாங்கள் பேசியது ‘நாங்கள்’. அவர் மனத்தில் இருந்தது ‘நாம்’.