அவிந்தது விளக்கு மட்டுமே

தில்லி அரசுக் குடியிருப்பில் வாழும் எங்களுக்குக் கும்பகோணம் இன்று உள்ளங்கை அளவே. மறைந்த தந்தையார் பேசி அனுப்பிய குரற்பதிவுகள் யாவும் எங்கள் கைப்பேசி ஒன்றிலேயே இருந்தன. கடந்த பொங்கலன்று அதன் திரை திடீரென இருண்டது. மணி ஒலித்தது, முகம் காட்டவில்லை.

'அரிசிப் பானையில் புதைத்து வையுங்கள்' என்றார் அண்டை வீட்டு அம்மையார். நீரே படாத கருவிக்கு அரிசி என்ன செய்யும்? மின்விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் ஒருசேர அழுத்திப் பிடித்து மீண்டும் இயக்கிப் பார்த்தோம், பயனில்லை.

கல்லூரியில் பயிலும் மகள் அறைவிளக்கை அணைத்து, டார்ச் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சினாள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன! எல்.சி.டி. திரைக்குத் தன்னொளி கிடையாது. பின்னாலிருக்கும் விளக்கே அதனைக் காட்டுகிறது. அவிந்தது அவ்விளக்கு மட்டுமே. ஓ.எல்.இ.டி. திரையோ தானே ஒளிர்வது. அதில் இச்சோதனை பலிக்காது.

அந்த மங்கலிலேயே கடவு எண்ணை இட்டு, கம்பி வழியே பதிவுகளைக் கணினிக்கு மாற்றினோம். அதன் பிறகே பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம்.

"சாப்பிட்டாச்சா? அங்கே குளிர் எப்படி?" என்று கணினியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. யாரும் பேசவில்லை.

அன்பர்களே, திரை போனால் வாங்கலாம். குரலுக்கு இன்றே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.