குற்றால நீராட்டு

குற்றாலத்தில் நீராடுவோர் நீந்தக் கற்றிருத்தல் வேண்டுமோ என்று நண்பரொருவர் எம்மை வினவினார். வேண்டுவதில்லை என்றோம். கடலிலும் குளத்திலும் ஆழமே அபாயம். அருவியடியிலோ சாதாரண நாளில் முழங்காலளவு நீர்கூட நிற்பதில்லை. எனினும் அங்கும் உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. அதன் காரணத்தைச் சென்ற ஆடித் திங்களில் யாம் ஒருவாறு உணர்ந்தோம்.

நண்பர் நால்வருமாகப் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டுத் தென்காசியில் இறங்கினோம். அவ்வூர்க் கோபுர வாயிலில் வீசும் காற்றின் பெருமையை வாசகர் அறிவர். அதனை விரித்தல் வேண்டா. குற்றாலத்தை அடைந்தபோது சாரல் ஓய்ந்து இளவெயில் எறித்தது. ஆயினும் பேரருவியில் நீராடத் தடை! காவலர் கயிறு கட்டி நின்றனர். பாதுகாப்பு வளைவையும் தாண்டி நீர் வீழ்ந்துகொண்டிருந்தது. "வெயில் காயும்போது தடை எதற்கு?" என்று எம்முள் ஒருவர் சினந்தார். அருகில் தேநீர் விற்ற முதியவர் நகைத்து, "வானத்தப் பாக்காதிய தம்பி, தண்ணியப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். நீர் செம்மண் கரைத்தாற்போல் இருந்தது. சருகும் சுள்ளியும் உடன் வந்தன. நாம் நிற்கும் இடத்து வானம் வேறு, அருவிக்கு நீரளிக்கும் வானம் வேறு. திரிகூட மலையின் உச்சியிற் பெய்யும் மழை தேனருவியாய், செண்பகாதேவி அருவியாய் இறங்கிப் பொங்குமாங்கடலில் வீழ்ந்து பொங்கி, அதன் பின்னரே நம் தலைமீது வருகின்றது. மலையோ செங்குத்தான பாறை. பெருமழையைத் தேக்கி வைக்கும் இயல்பு அதற்கில்லை. மேலே பெய்தது சிறிது நேரத்தில் கீழே வெள்ளமாகிவிடும்.

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் நிகழ்ந்ததும் இதுவே. அப்போது சாரற்காலம் தொடங்கவுமில்லை, கோடைமழை. நீராடிக்கொண்டிருந்தோர்மீது திடீரென வெள்ளம் பாய, பலர் படிகளில் ஏறித் தப்பினர். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தார். அந்தோ! எம்மினும் இளையவர்.

இவற்றை அறிந்தும் தடையைக் காவலரின் கொடுமையென்றே பலர் பேசுகின்றனர். அன்றும் கயிற்றைத் தாண்ட முயன்றோர் சிலர். தம் சிறுவரைத் தோளிலேற்றி முன்செல்ல நெருக்கியோர் சிலர். "நெடுந்தூரம் வந்துவிட்டோமே" என்பதே அவர் கூறிய நியாயம். பயணச் செலவைக் கணக்கிட்டு வெள்ளம் வடியுமோ? காவலரும் தடையென்று மட்டும் கூவாது, மலைமேல் மழையென்று காரணத்தையும் கூறின் நன்றென்பது எம் கருத்து.

மறுநாட் காலை ஐந்தருவியில் தடை நீங்கிற்று. நீர் தெளிந்திருந்தது. பாசி படர்ந்த பாறையை விடுத்து, இரும்புக் கம்பியைப் பற்றி நின்றோம். முதுகில் நூறு கைகள் ஒருங்கே அறைந்தாற்போன்ற அவ்வின்பத்தை என்னென்போம்! முன்னாள் சினந்த நண்பர் மும்முறை வரிசையில் நின்று நீராடினார். ஒவ்வொரு முறையும் உள்ளே புகுமுன் நீரின் நிறத்தை நோக்கினார். பின்னர் உண்டான பசிக்கு உணவுச்சாலையார் அஞ்சியிருப்பர்.