லேயும் உண்டு, வேயும் உண்டு

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. பத்தமடைப் பாய்க் கடை போட்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு. பாயை விரித்துக் காட்டுவதில் அவருக்கென்று ஒரு கை இருந்தது. நுனியைப் பிடித்து ஒரே உதறில் மேசை முழுக்கப் படரவிட்டு, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிடுவார். ஓரத்தில் மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் சேர்த்து நெய்த கல்யாணப் பாய் ஒன்று மாதிரிக்கு வைத்திருந்தார். பட்டுப்பாய் தனியாக, சின்னதாக மடித்து ஒரு பெட்டிக்குள்.

சென்னைக்கார அம்மா ஒருவர் வந்தார். கோரை எங்கே விளையும், ஆற்றுத் தண்ணியில் எத்தனை நாள் ஊறப்போடணும், சாயம் போகுமா, துவைக்கலாமா என்று ஒன்று விடாமல் கேட்டார். கடைக்காரப் பெண்ணும் சளைக்காமல் பதில் சொன்னார். கோரையைக் கிழிப்பதிலிருந்து தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டுவது வரைக்கும் விளக்கம். எல்லாம் முடிந்து பணம் கொடுக்கும்போது அந்த அம்மா மனதாரப் பாராட்டினார்: “தமிழ் ரொம்ப நல்லா பேசுறீங்களே! வீட்ல உருதுதானே?”

“பாட்டன் பூட்டன் காலத்துலருந்து இதத்தாம்மா பேசுதோம். உருது எங்களுக்குத் தெரியாது” என்றார் இவர், பாயைச் சுருட்டிக்கொண்டே. குரலில் கோபமில்லை. அந்த அம்மா நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, “நாளைக்கு நாலு பேராவது இதக் கேட்டுட்டுத்தான் போறாவ அண்ணாச்சி” என்றார்.

பத்தமடை இருக்கிற நெல்லைச் சீமையின் முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ்தான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்து அரண்மனைப் புலவர். குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சை அப்படியே நாவலாக்கிய தோப்பில் முகமது மீரானுக்கு ‘சாய்வு நாற்காலி’க்காக 1997ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பிற்காலத்தில் அவர் குடியிருந்தது திருநெல்வேலியில். இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. பத்து நிமிஷம் அவர் காதில் விழுந்ததே அசல் தாமிரபரணித் தமிழ், ‘ஊறப்போடுதோம்’, ‘நெய்யுதோம்’ என்று. காது கேட்டது. கண் வேறு தீர்ப்பு எழுதிவிட்டது.

இப்படி நடப்பது அந்த அம்மாவுக்கு மட்டுமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் என்ற பேராசிரியர் செய்த ஒரு சோதனை 1992ல் வெளியானது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் குரலில் ஒரு வகுப்புப் பாடத்தைப் பதிவு செய்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கூட்டத்துக்குப் பேசுகிறவர் என்று காட்டியது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். இன்னொரு கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றுதான், ஒலிநாடா ஒன்றுதான். ஆசிய முகத்தைப் பார்த்த மாணவர்களுக்கு இல்லாத அயல் உச்சரிப்பு காதில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது. அங்கே இல்லாத உச்சரிப்பைக் கேட்டார்கள், இங்கே இருக்கிற உச்சரிப்பைக் கேட்காமல் விட்டார்கள்.

முகத்துக்கு மட்டுமல்ல, ஊர்ப் பேருக்கும் இப்படி ஒரு தீர்ப்பு உண்டு. திருநெல்வேலி என்றதும் சென்னையில் இரண்டு பொருள் நினைவுக்கு வரும். ஒன்று அல்வா, இன்னொன்று அருவா. இரண்டாவதைக் கொடுத்தது சினிமா. 2003ல் வந்த ‘சாமி’ திருநெல்வேலியைக் கதைக்களமாகக் கொண்டது. அதற்குப் பிறகு ‘தாமிரபரணி’, ‘சிங்கம்’ என்று தெற்கத்திப் படங்கள் வரிசை கட்டின. அவற்றையெல்லாம் நான் விசிலடித்துத்தான் பார்த்தேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் படங்களின் நெல்லைக்காரன் வாயில் ஒரு சொல்தான் இருக்கிறது: ஏலே. அதைச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவான். அப்புறம் டாடா சுமோ பறக்கும்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘லே’ ஓர் ஓரத்தில் கிடக்கும் சங்கதி. சின்னப் பிள்ளையை, கூட்டாளியை, தம்பியைக் கூப்பிட அது. பொம்பளைப் பிள்ளை என்றால் ‘ஏட்டி’, ‘ஏளா’. கொஞ்சம் வயசாகி, மீசை நரைத்து, ஆளுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டால் ‘லே’ போய் ‘வே’ வந்துவிடும். பத்தமடை பஸ் ஸ்டாப் டீக்கடையில் காலை நேரத்தில் நின்றால் கேட்கலாம்.

“என்னவே, ஆளையே காணும்?”

“மெட்ராஸ்ல மவன் வீட்ல இருந்தேன்வே.”

“சரி, பைய உக்காரும். டீ சொல்லட்டா?”

இதில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. ‘நீரு’. உரிமையும் மரியாதையும் சரிபாதி. தமிழ்நாட்டின் மற்ற ஊர்ப் பேச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்துபோன இந்த நடுப்படி எங்களிடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே ‘வாரியளா’, ‘சாப்பிட்டியளா’, ‘அவிய வந்திருக்காவ’ என்று தனி மரியாதை. ஒரே ஆள் வீட்டிலிருந்து கிளம்பிக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் இத்தனை படியிலும் ஏறி இறங்கிவிடுவார். சினிமாக்காரர்களுக்கு இதில் தெரிந்தது அடிப்படி மட்டும்.

2015ல் வந்த ‘பாபநாசம்’ படத்தில் கமல் ஒரு சாதாரணக் குடும்பஸ்தனாக, அருவாள் இல்லாமல் நெல்லைத் தமிழ் பேசினார். அது நெல்லையா நாஞ்சில் நாடா என்று எங்கள் ஆட்கள் டீக்கடைகளில் வழக்காடினார்கள். வழக்காடுகிற அளவுக்கு நுட்பமாக ஒன்று வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

இதுவரை சொன்னது சென்னைக்காரர்கள் மேல் உள்ள குறை. இனி எங்கள் பக்கம்.

‘லே’ என்பது பாசம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பூரித்துச் சொல்வோம். யார் யாரைச் சொன்னால் பாசம் என்பதை மட்டும் விட்டுவிடுவோம். பத்து வயசுப் பையன் அறுபது வயசுக் கிழவரை ‘ஏலே’ என்று கூப்பிட்டு வேலை ஏவியதும் இதே ஆற்றங்கரையில்தான். கிழவர் பதிலுக்கு ‘சொல்லுங்கய்யா’ என்று நின்றார். அந்தக் கிழவரின் பேரன் காதில் ‘லே’ என்ன தொனியில் விழும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) வந்தபோது பலருக்கு அதிர்ச்சியாக இருந்ததற்கு ஒரு காரணம் இது. அதே ஊர்ப் பேச்சு, அதே ஏற்ற இறக்கம். அதற்குள் இப்படி ஒரு மனுஷனும் இருக்கிறானா என்று அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள்.

வெளியூர்க்காரனுக்கு எங்கள் பேச்சிலிருந்து ஜில்லாதான் தெரியும். எங்களுக்கோ தெருவே தெரியும். முன்னீர்ப்பள்ளம், தருவை, கோபாலசமுத்திரம், பத்தமடை, சேர்மாதேவி என்று போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அப்பாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார், குழம்புக்கு என்ன பேர் சொல்கிறார் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுகிற காதுகள் எங்களுடையவை. பத்தமடைக்கு அடுத்த ஊரான அதே சேர்மாதேவியில் (சேரன்மாதேவியில்) வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காக 1920களில் தமிழ்நாடே கொதித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் காங்கிரசுக்குள் அதைப் பெரும் பிரச்சினையாக்கினார்கள். பந்தியைப் பிரித்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், கேள்வி வரும். காதால் பந்தி பிரிப்பதை யார் கேட்பது?

போதாக்குறைக்கு எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ் பிறந்தது பொதிகையில், ஆகவே எங்கள் தமிழ்தான் சுத்தம். கோயம்புத்தூர்க்காரர் ‘ஏனுங்க’ என்றால் அப்பாவி என்போம். மெட்ராஸ்காரர் ‘இன்னா’ என்றால் ரவுடி என்போம். (எங்கள் ஊரிலும் ‘இன்னா’ உண்டு. ‘இன்னா இருக்கு பாரு’ என்றால் இதோ இருக்கிறது என்று அர்த்தம். அது ரவுடித்தனம் இல்லையாம்.) யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டால் உடனே சிரிப்பு. 2000ல் வந்த ‘தெனாலி’ அந்தச் சிரிப்புக்கு நன்றாகவே வழிசெய்து கொடுத்தது. திரையில் அந்தத் தமிழைக் கேட்டு இங்கே சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பேசிய குடும்பங்கள் மண்டபம் அகதிகள் முகாமில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

சுத்தத் தமிழ்ப் பெருமைக்காரர்களுக்கு ஒரு பழைய செய்தி. தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள்: வைகைக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. அதைச் சுற்றியுள்ள பன்னிரண்டு நாடுகளும் கொடுந்தமிழ் நாடுகள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று தென்பாண்டி. வைகைக்குத் தெற்கே இருக்கிற நாம் அந்தக் கணக்குப்படி கொச்சைக்காரர்கள். அவர்கள் சொன்னதற்காக நம் பேச்சு தாழ்ந்துவிடவில்லை. கவிராயர்கள் புகழ்ந்ததற்காக உயர்ந்துவிடவும் இல்லை. நெல்லைப் பேச்சை இலக்கியமாக்கியவர்களில் முதலில் நினைவுக்கு வரும் புதுமைப்பித்தனே பிறந்தது கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில்.

கேலியும் பெருமையும் டீக்கடையோடு முடிந்தால் இதை எழுத வேண்டியதில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் ஒரு வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன்.

“பேச்சு தெற்கத்தி மாதிரி இருக்கே?”

“திருநெல்வேலிங்க.”

“திருநெல்வேலில எங்க?”

“பத்தமடைப் பக்கம்.”

“பக்கம்னா? எந்தத் தெரு?”

பத்தமடையின் தெருக்கள் மேல் மனுஷனுக்கு அப்படி என்ன அக்கறை! வரைபடம் வேண்டி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை போலிருக்கிறது, வீடு அன்றைக்குச் சாயங்காலமே ‘போய்விட்டது’.

ஜான் பாவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இதைச் சோதனையாகவே செய்தார். வீடு வாடகைக்கு என்ற விளம்பரங்களைப் பார்த்து அவரே போன் செய்வார். ஒருமுறை கறுப்பினத்தவர் பேச்சில், ஒருமுறை மெக்சிகோ வம்சாவளியினர் பேச்சில், ஒருமுறை வெள்ளைக்காரப் பேச்சில். வெள்ளையர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் முதல் இரண்டு குரல்களுக்கும் வீடு பார்க்க அழைப்பு குறைவாகவே வந்தது. சக ஆய்வாளர்களோடு 1999ல் இதை வெளியிட்டார். அங்கே குரலைக் கேட்டு முடிவு செய்தார்கள். இங்கே குரலைக் கேட்டுவிட்டுத் தெருவையும் கேட்கிறார்கள். அந்த வகையில் நம்மவர்கள் கறார்.

பேச்சை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சென்னைக் கம்பெனிகளில் சேர்ந்த ஆறாம் மாதம் ‘வாரேன்’ போய் ‘வர்றேன்’ வந்துவிடும். அம்மாவுக்குப் போன் செய்யும்போது மட்டும் பழைய நாக்கு திரும்பும். எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பத்தமடையில் 1887ல் பிறந்து, மலேயாவில் மருத்துவம் பார்த்து, ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் கண்ட சுவாமி சிவானந்தரின் ஆங்கில உரைகள் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள், தெற்கத்தி நாக்கு தெளிவாகத் தெரியும். உலகமெங்குமிருந்து வந்த சீடர்கள் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. பெரியவர்களிடம் யாரும் உச்சரிப்புப் பார்ப்பதில்லை. பாய் விற்கிறவரிடம்தான் பார்க்கிறார்கள். அதே போலத்தான் ‘அண்ணாச்சி’யும். எங்கள் ஊரில் எந்த மூத்த ஆம்பிளைக்கும் அது மரியாதை. சென்னையில் அது பலசரக்குக் கடைக்காரருக்கு ஜனங்கள் வைத்த உத்தியோகப் பெயர்.

அடுத்த தெற்கத்திப் படத்துக்கு வசனம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருநெல்வேலியிலிருந்து சேர்மாதேவி போகிற டவுன் பஸ்ஸில் ஒருமுறை ஏறி, வாயைத் திறக்காமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வாருங்கள். வந்து எழுதும்போது உங்கள் நாயகன் யாரையாவது ஒருத்தரை ‘வே’ என்று கூப்பிடட்டும். முக்காடு போட்ட ஒரு பாத்திரம் வந்தால் அவரும் எங்களைப் போலவே பேசட்டும், ‘நிம்பள்கி நம்பள்கி’ வேண்டாம். அருவாள் அவசியம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், வாழைத்தார் வெட்ட ஆகும்.